டைம்ஸ்டாம்பில் நொடியின் பின்னம் தொலையாமல் பார்த்துக்கொள்வது எப்படி

1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணும் யுனிக்ஸ் கணக்கில் 1700000000 என்றால் 2023 நவம்பர் 14, யூடிசி (உலகப் பொது நேரம்) 22:13:20. இதே கணத்தை எக்ஸெல் 45244.925926 என்று வைத்திருக்கும். மேட்லேபின் பழைய டேட்நம் 739204.925926 என்னும். வானியல் ஃபைலில் ஜூலியன் நாள் 2460263.425926 என்றோ, திருத்திய ஜூலியன் நாள் 60262.925926 என்றோ வரும். ஆய்வகக் கருவிகளை இயக்கும் லேப்வியூவில் 3782844800, நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபியில் 3908988800, விண்டோஸ் ஃபைல்டைமில் 133444736000000000, ஜிபிஎஸ் நொடிக்கணக்கில் 1384035218. கணம் ஒன்றுதான். எந்த நாளிலிருந்து எண்ணினார்கள், எந்த அலகில் எண்ணினார்கள், பூமியின் சுழற்சிக்கு ஈடாக யூடிசியில் எப்போதாவது சேர்க்கும் ஒரு நொடியான லீப் செகண்டைச் சேர்த்தார்களா விட்டார்களா என்பதில்தான் எண் மாறுகிறது.

ஆகவே ஒரு டைம்ஸ்டாம்ப் முழுமையாக இருக்க நான்கு தகவல் வேண்டும்: எண், அலகு, தொடக்க நாள், நேர அளவை (யூடிசியா, ஜிபிஎஸ்ஸா, வேறா என்பது). பின் மூன்றையும் டேட்டா ஃபைலின் தலைப்பகுதியிலேயே எழுதிவிடுங்கள். பதிவுக் கருவியான லாகரின் மேனுவலில் இருக்கிறதே என்று விட்டால், ஐந்து வருடத்தில் மேனுவல் ஒரு பக்கம், ஃபைல் ஒரு பக்கம் என்று ஆகிவிடும்.

குறிப்பில்லாமல் வந்த எண்ணை அடையாளம் காண

முதலில் இலக்கங்களை எண்ணுங்கள். இன்றைய காலத்து யுனிக்ஸ் நேரம் நொடியில் 10 இலக்கம், மில்லிநொடியில் 13, மைக்ரோநொடியில் 16, நானோநொடியில் 19. பதினெட்டு இலக்கம் இருந்து 133 அல்லது 134 என்று தொடங்கினால் ஃபைல்டைம்: 1601 ஜனவரி 1 முதல் 100 நானோநொடிக்கு ஒன்று என்ற எண்ணிக்கை. அதே பதினெட்டு இலக்கம் 638, 639 என்று தொடங்கினால் மைக்ரோசாஃப்ட் டாட்நெட் நிரல்களின் டிக் என்ற எண்ணிக்கை. பத்து இலக்கம் இருந்து 38 அல்லது அதற்கு அருகில் தொடங்கினால் லேப்வியூவைச் சந்தேகியுங்கள். அதன் தொடக்கம் 1904. யுனிக்ஸுக்கு மாற்ற 2082844800 கழிக்க வேண்டும். 39 என்று தொடங்கினால் 1900-இல் தொடங்கும் என்டிபி. கழிக்க வேண்டியது 2208988800.

ஏமாற்றக்கூடியது ஜிபிஎஸ் நொடி. அதுவும் பத்து இலக்கம், அதுவும் 1 என்று தொடங்கும். யுனிக்ஸ் என்று நினைத்துப் படித்தால் எந்தப் பிழைச்செய்தியும் வராது. தேதி மட்டும் 10 ஆண்டும் சில நாட்களும் பின்னால் விழும், ஏனென்றால் ஜிபிஎஸ் கணக்கு 1980 ஜனவரி 6-இல் தொடங்குகிறது. 19 ஆண்டு 7 மாதத்துக்கு நெருக்கமாகப் பின்னால் போயிருந்தால் அது வேறு நோய்: பழைய ரிசீவர் வார எண்ணை 10 பிட்டில் வைத்திருக்கிறது, 1024 வாரத்துக்கு ஒருமுறை அது பூஜ்யத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியது. அடுத்தது 2038 நவம்பரில்.

தவறாக மாற்றிய தேதியே பல நேரம் காரணத்தைச் சொல்லிவிடும். 1970 ஜனவரி 20-ஐ ஒட்டிய தேதி தெரிந்தால் அலகு ஆயிரம் மடங்கு பிசகியிருக்கிறது. 1970 ஜனவரி 1, ஒன்றரை இரண்டு நொடி என்று காட்டினால், பைத்தானின் டேட்டா நூலகமான பாண்டாஸிடம் அலகைச் சொல்லாமல் 10 இலக்க எண்ணைக் கொடுத்திருக்கிறீர்கள். அது நானோநொடி என்று எடுத்துக்கொண்டது. தேதி சரியாக 4 ஆண்டும் ஒரு நாளும் தள்ளியிருந்தால் எக்ஸெலின் 1900, 1904 தேதி முறைகள் கலந்துவிட்டன. வித்தியாசம் 1462 நாள்.

டபுளில் வைத்தால் எவ்வளவு மிஞ்சும்

டபுள் என்கிற 64 பிட் ஃப்ளோட்டில் மதிப்புக்கு ஒதுக்கியது 53 பிட். எண் பெரிதாகப் பெரிதாக அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும் பெரிதாகும். யுனிக்ஸ் நொடி இப்போது 2-இன் அடுக்கு 30-க்கும் 31-க்கும் நடுவே இருக்கிறது. அங்கே இடைவெளி 2-இன் அடுக்கு மைனஸ் 22 நொடி, அதாவது 238 நானோநொடி. அதைவிட நுணுக்கமாக எதையும் அந்த எண்ணில் வைக்க முடியாது, தசமத்துக்குப் பின் ஒன்பது இலக்கம் அச்சிட்டாலும் சரி.

இதே கணக்கை மற்றவற்றுக்கும் போடலாம். எக்ஸெல் எண்ணும் திருத்திய ஜூலியன் நாளும் 32768-க்கும் 65536-க்கும் நடுவே இருப்பதால் இடைவெளி 0.63 மைக்ரோநொடி. டேட்நம் 10 மைக்ரோநொடி. முழு ஜூலியன் நாளை ஒரே டபுளில் வைத்தால் 40 மைக்ரோநொடி. பல்சார் என்னும் சீராகத் துடிக்கும் விண்மீன்களை அளக்கும் வேலைக்கு இது உதவவே உதவாது. பைத்தானின் வானியல் நூலகமான அஸ்ட்ரோபை இதற்காகத்தான் நேரத்தை உள்ளே இரண்டு டபுளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் அதனிடம் ஜூலியன் நாளை ஒற்றை டபுளாகக் கொடுத்தால் வாசலிலேயே இழப்பு நடந்துவிடும். நாளையும் நாளின் பின்னத்தையும் இரண்டு மதிப்பாகக் கொடுங்கள், அல்லது எழுத்துச்சரமாகவே கொடுங்கள்.

32 பிட் ஃப்ளோட்டில் யுனிக்ஸ் நொடியை வைத்தால் இடைவெளி 128 நொடி. 1700000000 அதில் துல்லியமாகவே நிற்கும். 1700000001 முதல் 1700000064 வரை எல்லாமே 1700000000 ஆகிவிடும். 1700000065 ஒரே தாவாக 1700000128-க்குப் போகும். வரைபடத்தில் புள்ளிகள் இரண்டு நிமிடத்துக்கு ஒரு செங்குத்துக் கோடாக அடுக்கி நின்றால் இதுதான் காரணம். பெரும்பாலும் யாரோ மெமரியை மிச்சம் பிடிக்க டேபிள் முழுவதையும் 32 பிட்டுக்கு மாற்றியிருப்பார்கள். நேரப் பத்தியும் கூடவே மாட்டிக்கொள்ளும்.

238 நானோநொடி தானே, நமக்கு மைக்ரோநொடி போதும் என்பவர்கள் இதைப் பாருங்கள். நொடிக்கு 10 லட்சம் சாம்பிள் எடுக்கும் கருவியின் நேரத்தை டபுள் யுனிக்ஸ் நொடியாகச் சேமித்து, பிறகு அடுத்தடுத்த வரிகளைக் கழித்தால் 1 மைக்ரோநொடி என்ற விடை ஓர் இடத்திலும் வராது. ஐந்தில் நான்கு வரியில் 0.954, மீதியில் 1.192 மைக்ரோநொடி. தலைகீழாக்கி சாம்பிள் வேகம் பார்த்தால் 1048576 அல்லது 838860.8 என்று இரண்டே மதிப்பு மாறி மாறி வரும். 1048576 என்பது 2-இன் அடுக்கு 20. அளந்த டேட்டாவில் இந்த எண் தலைகாட்டினால் கருவியில் நடுக்கம் என்று சர்வீஸுக்கு அனுப்பாதீர்கள், பழுது ஃப்ளோட்டில் இருக்கிறது.

சரியான வழி: நேரத்தை 64 பிட் முழு எண்ணாக நானோநொடியில் வையுங்கள். பைத்தானில் டைம் மாட்யூலின் டைம் அழைப்பு டபுள் தரும், 3.7 பதிப்பு முதல் அதற்கு நானோநொடி முழு எண் தரும் இணை அழைப்பு இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். கணக்குப் போடும்போது முதலில் முழு எண்ணிலேயே கழியுங்கள். கிடைத்த சின்ன வித்தியாசத்தை மட்டும் டபுளாக்குங்கள். வரிசை மாறக் கூடாது. டபுளாக்கிவிட்டுக் கழித்தால், தொலைந்த பிட்டைக் கழித்தல் திருப்பித் தராது.

64 பிட் நானோநொடிக்கும் எல்லை உண்டு: 1677 செப்டம்பர் 21 முதல் 2262 ஏப்ரல் 11 வரை. மர வளையம், பனிப்படிவம், நீண்டகாலக் காலநிலை மாதிரி என்றால் இது போதாது. அங்கே நொடியையோ நாளையோ அலகாக வையுங்கள். பாண்டாஸ் 2.0 முதல் நொடி, மில்லி, மைக்ரோ, நானோ நான்கையும் ஏற்கிறது. இந்த வசதியோடு ஒரு பொறியும் வந்தது: பத்தியை முழு எண்ணாக மாற்றினால் அந்தப் பத்தியின் அலகிலேயே எண் வரும். எப்போதும் நானோதான் என்று நம்பி நூறு கோடியால் வகுக்கும் பழைய நிரல் அமைதியாகத் தப்பு செய்யும். மாற்றும் முன் அலகை வெளிப்படையாக நிர்ணயித்துவிடுங்கள்.

சாம்பிள் எண்ணிலிருந்து நேரம்

முந்தைய நேரத்தோடு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். 0.1 நொடி இரும எண்ணில் முடிவில்லாத பின்னம். ஒவ்வொரு கூட்டலிலும் கொஞ்சம் மிச்சம் விழும். 1991 பிப்ரவரி 25-இல் சவூதியின் தஹ்ரானில் பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு தவறியதும் இந்த 0.1-ஆல்தான்: பத்திலொரு நொடியை 24 பிட்டில் வெட்டி வைத்திருந்தார்கள், 100 மணி நேரம் ஓடியபின் கடிகாரம் 0.34 நொடி பிசகியிருந்தது. வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டதில் 28 படைவீரர்கள் இறந்தார்கள்.

தொடக்க நேரம், சாம்பிள் எண், வேகம் மூன்றிலிருந்தும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடுங்கள். சாம்பிள் எண்ணை நூறு கோடியால் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோநொடி வரும் என்பது சரிதான், ஆனால் பெருக்கல் 64 பிட்டில் நிரம்பி வழியும். நொடிக்கு ஒரு லட்சம் சாம்பிள் என்றால் 25.6 மணி நேரத்தில் வழிந்துவிடும். சோதனை ஒரு நாள் ஓட்டிப் பார்த்தாலும் பிடிபடாது, இரண்டாம் நாள் அதிகாலையில் நேரம் எதிர்மறையாகும். எனவே இரண்டாகப் பிரியுங்கள்: சாம்பிள் எண்ணை வேகத்தால் வகுத்த ஈவு முழு நொடி, மீதியை மட்டும் நூறு கோடியால் பெருக்கி வேகத்தால் வகுத்தால் பின்னம்.

மைக்ரோகன்ட்ரோலரில் எண்ணியின் சுற்றையும் கவனியுங்கள். ஆர்டுயினோவின் மில்லிநொடி எண்ணி 49.7 நாளில் பூஜ்யமாகும். மைக்ரோநொடி எண்ணி 71.6 நிமிடத்திலேயே ஆகிவிடும். குறியில்லாத 32 பிட் எண்ணாகவே கழித்தால் ஒரு சுற்று வரை விடை சரியாக வரும். அதற்கு மேல் லாகர் தானாகச் சுற்றுகளை எண்ண வேண்டும்.

பின்னம் எத்தனை இலக்கம் என்பதும் கடிகாரம் எவ்வளவு சரி என்பதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. சாதாரண 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகக்கூடிய) கடிகாரப் படிகம் ஒரு நாளில் 1.7 நொடி வரை ஓடிப்போகும். விண்டோஸின் பழைய நேர அழைப்பு வழக்கமாக 15.6 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் நகரும். பல வரிகளில் ஒரே நேரம், பிறகு 15 அல்லது 16 மில்லிநொடித் தாவல் என்று டேட்டா வந்தால் அதுதான். கருவியின் மூல எண்ணியை அப்படியே சேமித்து, ஜிபிஎஸ் துடிப்போ என்டிபியோ தரும் நங்கூர நேரங்களைத் தனிப் பத்தியில் வையுங்கள். நேரத்தைத் திருத்தியபின் மூல எண்ணியைத் தூக்கிப் போட்டால், திருத்தத்தில் பிழை என்று பின்னால் தெரிந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு நிகழ்வுக்கு நடுவே எவ்வளவு நேரம் என்று அளக்க, பின்னோக்கிப் போகாத மோனோடானிக் கடிகாரம் மட்டுமே. தேதியும் மணியும் காட்டும் கணினியின் சாதாரணக் கடிகாரத்தை என்டிபி எப்போது வேண்டுமானாலும் இழுத்துப் பிடிக்கும்.

எழுத்தாக எழுதும்போது

அதிகம் டேட்டா கெடுவது இங்கேதான், அதுவும் ஒரே ஒரு பூஜ்யத்தால். நொடியையும் மில்லிநொடியையும் தனித்தனியாக எடுத்து நடுவே புள்ளி வைத்து எழுதுகிறது லாகர். நொடி 5, மில்லிநொடி 7 என்றால் 12:30:05.007 என்று வர வேண்டும். பூஜ்யம் நிரப்ப மறந்தால் 12:30:05.7 என்று வரும். படிக்கும் நிரல் அதை 700 மில்லிநொடி என்று சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: பின்னப் பகுதியை மட்டும் எடுத்து எண்ணிப் பாருங்கள். சீராக வரும் டேட்டாவில் பத்தில் ஒரு பங்கு 0.100-க்குக் கீழே இருக்க வேண்டும். சரியான பூஜ்யத்தைத் தவிர அங்கே ஒன்றுமே இல்லையென்றால் நிரப்பல் விட்டுப்போயிருக்கிறது. மூல ஃபைல் எழுத்தாகவே இருந்தால் காப்பாற்றிவிடலாம்: புள்ளிக்குப் பின் உள்ளதைப் பின்னமாகப் படிக்காமல் முழு எண்ணாகப் படித்து ஆயிரத்தால் வகுங்கள். ஆனால் .7 என்பதை இடையில் எந்த நிரலாவது .700 என்று திருத்தி எழுதியிருந்தால் அவ்வளவுதான்.

இதன் தம்பி 60.000 நொடி. 59.9996-ஐ மூன்று இலக்கத்துக்கு முழுமையாக்கினால் 12:30:60.000 என்று ஆகும். படிக்கும் நிரல் தவறான நேரம் என்று நின்றுவிடும், அல்லது லீப் செகண்ட் என்று நினைக்கும். மணி, நிமிடம், நொடி என்று பிரிப்பதற்கு முன்பே மொத்த முழு எண்ணைத் தேவையான அலகுக்கு வெட்டிவிட வேண்டும். முழுமையாக்குவதைவிடக் கீழ்நோக்கி வெட்டுவது நல்லது. இன்னும் நடக்காத நேரம் லேபிளில் வராது, நாள் மாறும் இடத்தில் ஃபைல் பெயரும் டேட்டாவும் முரண்படாது. 1970-க்கு முந்தைய நேரங்களுக்கு ஜாக்கிரதை: சியின் வகுத்தல் பூஜ்யத்தை நோக்கி வெட்டும், பைத்தானுடையது கீழ்நோக்கி. அரை நொடி முந்தைய கணம் ஒன்றில் 0 நொடி, மைனஸ் 500 மில்லி. மற்றதில் மைனஸ் 1 நொடி, பிளஸ் 500 மில்லி.

பைத்தானின் ஐஎஸ்ஓ வடிவ அச்சு, மைக்ரோநொடி பூஜ்யமாக இருந்தால் பின்னத்தையே விட்டுவிடும். லட்சம் வரியில் ஒரு வரி மட்டும் பின்னமில்லாமல் வந்தால், முதல் வரியைப் பார்த்து வடிவத்தை முடிவு செய்யும் பாண்டாஸ் 2 அந்த வரியில் முரண்டு பிடிக்கும். அச்சிடும்போதே நுணுக்கத்தை மைக்ரோநொடி என்று கட்டாயப்படுத்துங்கள். 3.11-க்கு முந்தைய பைத்தானின் ஐஎஸ்ஓ படிப்பான் கடைசியில் வரும் இசட் எழுத்தை ஏற்காது. +00:00 என்று எழுதினால் இரண்டு காலத்துக்கும் பொருந்தும். பைத்தானின் டேட்டைம் மைக்ரோநொடியோடு நின்றுவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சிஎஸ்வியை எக்ஸெலில் திறந்து சேமிப்பது தனிக் கொடுமை. 2024-03-05 10:15:30.123 என்ற கட்டம் திரையில் 15:30.1 என்று தெரியும். அப்படியே சேமித்தால் ஃபைலிலும் 15:30.1 மட்டுமே எழுதப்படும். தேதி, மணி, இரண்டு இலக்கம் எல்லாம் போயே போச்சு. மூல சிஎஸ்விக்கு எழுதும் அனுமதியை எடுத்துவிடுங்கள்.

நேர மண்டலம்

சேமிப்பது யூடிசியில், காட்டுவது உள்ளூர் நேரத்தில். ஐஎஸ்டி என்ற சுருக்கத்தை டேட்டாவில் எழுதாதீர்கள். அது இந்தியாவுக்கும் இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் பொது. +05:30 என்று எழுதினால் குழப்பமில்லை.

ஆனால் பழைய உள்ளூர் நேரப் பதிவுகளை மாற்றும்போது நிலையான +05:30 போதாது. இலங்கை 1996 மே 25-இல் +06:30-க்கும், அதே ஆண்டு அக்டோபர் 26-இல் +06:00-க்கும் மாறி, 2006 ஏப்ரல் 15-இல்தான் +05:30-க்குத் திரும்பியது. கொழும்பு மழைமானிப் பதிவைச் சென்னைப் பதிவோடு ஒப்பிடும்போது, இதைக் கவனிக்காவிட்டால் ஒன்பதரை ஆண்டு டேட்டா அரை மணி நேரம் தள்ளி நிற்கும். ஆசியா/கொழும்பு என்ற மண்டலப் பெயரைக் கொடுத்தால் நூலகமே பார்த்துக்கொள்ளும். 1996 அக்டோபர் 26, 2006 ஏப்ரல் 15 ஆகிய இரண்டு நாளிலும் நள்ளிரவுக்குப் பிந்தைய அரை மணி மட்டும் இரண்டு முறை வந்தது. அதைப் பிரித்தறிய வரிசை எண்தான் கதி.

இந்திய நேரம் 23 நிமிடம் பிசகினால் பைத்தானின் பழைய நேர மண்டல நூலகமான பைடிஇசட்டைப் பாருங்கள். அதன் ஆசியா/கொல்கத்தா மண்டலத்தை டேட்டைம் உருவாக்கும்போதே நேரடியாகச் செருகினால் பழைய கல்கத்தா உள்ளூர் நேரமான +05:53 ஒட்டிக்கொள்ளும். லோக்கலைஸ் வழியாகச் செருகுங்கள், அல்லது பைத்தான் 3.9-இலிருந்து உடன் வரும் ஸோன்இன்ஃபோவுக்கு மாறிவிடுங்கள்.

லீப் செகண்ட்

1972 முதல் 27 முறை சேர்த்திருக்கிறார்கள். கடைசியாக 2016 டிசம்பர் 31 முடிவில். இந்தியக் கடிகாரத்தில் அது 2017 ஜனவரி 1, 05:29:60. அன்றிலிருந்து அணுக் கடிகார அளவையான டிஏஐ யூடிசியைவிட 37 நொடி முன்னே, ஜிபிஎஸ் 18 நொடி முன்னே. வானியலின் நேர அளவையான டிடி, டிஏஐயைவிட எப்போதும் 32.184 நொடி கூடுதல். இரண்டு கருவிகளுக்கு நடுவே சரியாக 18, 37 அல்லது 69.184 நொடி வித்தியாசம் தெரிந்தால் காரணத்தைத் தேடி அலைய வேண்டாம்.

யுனிக்ஸ் நேரமும் பைத்தான் நூலகங்களான நம்பையும் பாண்டாஸும் லீப் செகண்டைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்தக் கணத்தைத் தாண்டிக் கழித்தால் விடை ஒரு நொடி குறையும். பைத்தான் டேட்டைம் 60-ஆம் நொடியை ஏற்கவே ஏற்காது. சில சர்வர்கள் அந்த நொடியை ஒரு நாள் முழுக்கப் பரப்பித் தடவிவிடும். அப்படிப்பட்ட சர்வரையும் சாதாரண சர்வரையும் ஒரே லாகருக்கு என்டிபி மூலமாகக் கொடுக்கக் கூடாது. நொடிக்குக் கீழே துல்லியம் தேவைப்படும் நீண்ட பதிவென்றால் டிஏஐ அல்லது ஜிபிஎஸ் அளவையில் சேமித்து, காட்டும்போது மட்டும் யூடிசியாக்குங்கள்.

ஃபைல் வடிவங்கள்

காலநிலை டேட்டாவுக்கான நெட்சிடிஎஃப் ஃபைலில் நேரம் இந்த நாளிலிருந்து இத்தனை மணி என்ற வடிவில் இருக்கும். 1900-இலிருந்து மணி என்று 32 பிட் ஃப்ளோட்டில் எழுதினால் இடைவெளி ஏழரை நிமிடம். முழு மணி டேட்டாவுக்குப் பரவாயில்லை, பத்து நிமிட டேட்டாவுக்கு ஆகாது. மாதம் என்ற அலகைத் தவிருங்கள்: அதன் அலகுகளைக் கையாளும் யூடியூனிட்ஸ் நூலகத்தின் கணக்கில் மாதம் என்பது ஆண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு, சுமார் 30.44 நாள். காலண்டர் பண்பையும் படியுங்கள். 360 நாள் காலண்டரில் பிப்ரவரி 30 உண்டு, அதைப் பாண்டாஸில் வைக்க முடியாது, சிஎஃப்டைம் என்ற நூலகம் வேண்டும்.

ஜேசனில் நானோநொடியை எண்ணாக அனுப்பினால் ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் அது டபுளாகி 256 நானோநொடிப் படிகளில் விழும். எழுத்துச்சரமாக அனுப்புங்கள். நிலநடுக்கவியலின் மினிசீட் 2 ஃபைலின் தலைப்பகுதியில் நேரம் 100 மைக்ரோநொடி வரைதான். மிச்சம் பிளாக்கெட் என்னும் கூடுதல் பகுதிகளில் 1001-ஆம் எண்ணுள்ளதில் இருக்கும், அதை விட்டுவிடும் படிப்பான்களும் உண்டு.

சோதிக்க

எழுதும் நிரலையும் படிக்கும் நிரலையும் இணைத்து, போன முழு எண்ணும் வந்த முழு எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அச்சிட்ட எழுத்தை ஒப்பிட்டால் இரண்டும் ஒரே மாதிரி வெட்டிக் காட்டி ஏமாற்றும். கொடுக்க வேண்டிய கணங்கள்: பின்னம் 0.000000001, 0.007, 0.999999999, 1969 டிசம்பர் 31, 23:59:59.5, 2000 பிப்ரவரி 29, 2016 டிசம்பர் 31, 23:59:60, 32 பிட் நொடி வழியும் 2038 ஜனவரி 19, 03:14:08, என்டிபி சுற்று முடியும் 2036 பிப்ரவரி 7. சோதனை ஓடும் கணினியின் மண்டலத்தை ஒருமுறை யூடிசியிலும் ஒருமுறை +05:30-இலும் வைத்து ஓட்டுங்கள். யூடிசி சர்வரில் மட்டும் ஓட்டினால் உள்ளூர் நேரப் பிழை ஒன்றுகூட வெளியே வராது.